சாஸ் எக்ஸ்பாண்டரின் ரூட்டிங் டேபிள்: கட்டளை வரியில் படிப்பதும் எழுதுவதும்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் சிலர் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும் சாஸ் (சர்வர்களில் டிஸ்க்குகளை இணைக்கும் முறை) டிஸ்க் பெட்டிகளை வாங்கி ஸ்டுடியோவில் அடுக்கியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணா, முதல் பெட்டி தெரியுது. ரெண்டாவதுல லைட் எரியுது, ஆனா ஒரு டிஸ்க்கைக்கூட காணோம்." எங்கே பார்ப்பது, எப்போது கை வைப்பது என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு கேபிளில் வருவதைப் பல டிஸ்க்குகளுக்குப் பிரித்துவிடுவது பெட்டிக்குள் இருக்கும் எக்ஸ்பாண்டர் சிப். அதில் ஃபை எனப்படும் இணைப்பு முனைகள் பல உண்டு. சர்வரிலிருந்து ஒரு கோரிக்கை வந்தால் எக்ஸ்பாண்டர் மூன்று கேள்விகளை வரிசையாகப் பார்க்கும். இந்த முகவரி என்னோடு நேரடியாக இணைந்திருக்கிறதா? இல்லையென்றால் என் ரூட்டிங் டேபிளில், அதாவது எந்த முகவரிக்கு எந்த ஃபை வழியே போவது என்ற பட்டியலில், எழுதியிருக்கிறதா? அதுவும் இல்லையென்றால், தெரியாததையெல்லாம் தள்ளிவிடும் சப்ட்ராக்டிவ் வழி இருக்கிறதா? கிளைத் தபாலாபீஸ் தன் தெருக் கடிதத்தைத் தானே கொடுத்து, பட்டியலில் உள்ளதை அந்தந்தக் கிளைக்கு அனுப்பி, மிச்சத்தைப் பாலக்காட்டுக்குக் கட்டி அனுப்புவது போலத்தான். மூன்றுமே இல்லையென்றால் போகுமிடம் இல்லை என்று இணைப்பை மறுத்துவிடும். இரண்டாவது பெட்டி காணாமல் போவதற்கு இந்த மறுப்பும் ஒரு காரணம்.

கட்டளைக்குப் போகும்முன் கேபிளைப் பாருங்கள். சர்வர் கேபிள் முதல் பெட்டியின் இன் போர்ட்டில், அதன் அவுட் போர்ட்டிலிருந்து அடுத்த பெட்டியின் இன் போர்ட்டுக்கு. அவுட்டிலிருந்து அவுட்டுக்குச் செருகினால் டேபிள் முனையும் டேபிள் முனையும் சந்திக்கும். முதல் தலைமுறை சாஸ் பெட்டிகள் அதை ஏற்பதில்லை. பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

தயார் செய்வது

லினக்ஸில் எக்ஸ்பாண்டரோடு பேச டக்ளஸ் கில்பர்ட் எழுதிய எஸ்எம்பி யுடில்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். உபுண்டு, டெபியன் இரண்டிலும் ஆப்ட் மூலம் கிடைக்கும். கீழே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். முன்னால் சூடோ அவசியம். எஸ்எம்பி, அடிக்கோடு என்று அடித்துவிட்டு டேப் விசையை இரண்டு முறை தட்டினால் தொகுப்பில் உள்ள கட்டளைகளெல்லாம் சரியான எழுத்துகளோடு திரையில் வரும்.

எக்ஸ்பாண்டர்கள் டெவ் கோப்புறைக்குள் பிஎஸ்ஜி என்ற இடத்தில் தெரியும். என் உதாரணத்தில் முதல் பெட்டி எக்ஸ்பாண்டர்-6:0, இரண்டாவது எக்ஸ்பாண்டர்-6:1.

முதலில் கேளுங்கள்: டேபிளை யார் எழுதுகிறார்கள்?

எஸ்எம்பி_ரெப்_ஜெனரல் /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

வரும் வரிகளில் 'எக்ஸ்டர்னலி கான்ஃபிகரபிள் ரூட் டேபிள்' என்பதைத் தேடுங்கள். அங்கே 0 இருந்தால் எக்ஸ்பாண்டரே தன் டேபிளைப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் எழுத வேண்டியது எதுவும் இல்லை, கேபிளையும் ஃபர்ம்வேரையும் சந்தேகப்படுங்கள். சாஸ்-2 தலைமுறைப் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. 1 என்றால் வெளியிலிருந்து யாராவது எழுத வேண்டும். வழக்கமாக அந்த வேலையை சர்வரில் உள்ள எச்பிஏ கார்டோ (சாஸ் கேபிள் செருகும் கார்டு) அதன் டிரைவரோ செய்துவிடும். அது செய்யாமல் விட்டால்தான் நம் முறை.

'கான்ஃபிகரிங்' வரியில் 1 இருந்தால் வேலை இன்னும் நடக்கிறது, பொறுங்கள். 'எக்ஸ்பாண்டர் ரூட் இண்டெக்சஸ்' எண்ணையும் 'எக்ஸ்பாண்டர் சேஞ்ச் கவுண்ட்' எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டுமே பின்னால் வேண்டும்.

யாரோடு யார் இணைந்திருக்கிறார்கள்?

எஸ்எம்பி_டிஸ்கவர் /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

ஒவ்வொரு ஃபைக்கும் ஒரு வரி. எண்ணை அடுத்து டைரக்ட், சப்ட்ராக்டிவ், டேபிள் இவற்றில் ஒன்றின் ஆங்கில முதல் எழுத்து இருக்கும். யூ என்று இருந்தால் டேபிளோடு டேபிளை இணைக்கவும் தெரிந்த முனை. உதாரணத்தில் ஃபை 8, 9, 10, 11 நான்கும் டேபிள் வகை, நான்கின் எதிரேயும் இரண்டாவது எக்ஸ்பாண்டரின் ஒரே முகவரி. அப்படியென்றால் அவை நான்கும் சேர்ந்து ஒரே அகலப் போர்ட்.

இதே கட்டளையை 6:1 மீதும் ஓட்டி, அங்குள்ள டிஸ்க்குகளின் முகவரிகளை எடுங்கள். ஒவ்வொன்றும் 16 இலக்க ஹெக்ஸ் எண். சாட்டா டிஸ்க்காக இருந்தால் அது எக்ஸ்பாண்டர் கொடுத்த முகவரி, டிஸ்க்கைப் பெட்டியில் வேறு செருகும் இடத்துக்கு மாற்றினால் முகவரியும் மாறலாம். கண்காணிப்புக்கான எஸ்இஎஸ் என்ற உள் முனை தனி முகவரியோடு தெரிந்தால் அதையும் விடாதீர்கள். 6:1-இன் சொந்த முகவரியை மட்டும் எழுத வேண்டாம், அது நேரடியாக இணைந்திருப்பதால் டேபிள் இல்லாமலே கிடைக்கும்.

6:1 பட்டியலிலேயே இல்லையென்றால் பிரச்சினை டேபிளில் இல்லை. கேபிளுக்குத் திரும்புங்கள்.

இப்போதைய டேபிளைப் படிப்பது

எஸ்எம்பி_ரெப்_ரூட்_இன்ஃபோ --ஃபை=8 --இண்டெக்ஸ்=0 --மல்டிபிள் /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

9, 10, 11-க்கும் இதையே செய்யுங்கள். வந்த விடையைக் கோப்பில் சேமித்து வையுங்கள், பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் ஆதாரம்.

எழுதுவது

நிறுத்தி நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. டிஸ்க்குகளை அன்மவுண்ட் செய்யுங்கள். ஒரு குடும்பத்தின் கல்யாணம் அதற்குள் இருக்கிறது, காப்பி எடுக்காமல் தொடவே கூடாது.

எஸ்எம்பி_கான்ஃப்_ரூட்_இன்ஃபோ --ஃபை=8 --இண்டெக்ஸ்=0 --ரூட்டட்=முகவரி --எக்ஸ்பெக்டட்=எண் /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பாண்டர்-6:0

முகவரிக்கு முன்னால் சுழியமும் எக்ஸும் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் கருவி அதைத் தசம எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பெக்டட் என்பதில் தாளில் குறித்த சேஞ்ச் கவுண்ட்டைக் கொடுங்கள். இடையில் யாராவது ஒரு டிஸ்க்கைப் பிடுங்கியிருந்தால் எண் பொருந்தாது, எக்ஸ்பாண்டர் எழுத மறுத்துவிடும். அந்த மறுப்பு நமக்கு நல்லதுதான். எண்ணைப் புதிதாகப் படித்துவிட்டு, டிஸ்கவரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அடுத்த முகவரி இண்டெக்ஸ் 1, அதற்கடுத்தது 2. குறித்து வைத்த இண்டெக்ஸ் எண்ணிக்கையைத் தாண்டினால் அப்படி ஓர் இடமே இல்லை என்று பிழை வரும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டேபிள் ஒவ்வொரு ஃபைக்கும் தனித்தனி. 12 டிஸ்க்கும் ஓர் எஸ்இஎஸ் முனையும் என்றால் 13 வரிகள். அவற்றை 8, 9, 10, 11 நான்கிலும் அதே வரிசையில் எழுத வேண்டும், ஆக 52 முறை. கையால் அடித்தால் கண் சோர்ந்துவிடும். முகவரிகளை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக வைத்து ஷெல்லில் லூப் போட்டுவிடுங்கள். லூப்பை ஓட்டும்முன் கட்டளைகளை எக்கோ மூலம் திரையில் மட்டும் அச்சிட்டு ஒரு தடவை கண்ணால் படியுங்கள்.

மூன்றாவது பெட்டியும் தொடரில் இருந்தால் அதன் டிஸ்க்குகள் முதல் பெட்டியின் டேபிளிலும் வேண்டும், இரண்டாவதின் டேபிளிலும் வேண்டும்.

சரிபார்ப்பது

படித்த கட்டளையை நான்கு ஃபைக்கும் மறுபடி ஓட்டி, விடைகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று டிஃப் போட்டுப் பாருங்கள். அப்புறம் எல்எஸ்ஸ்கசி கட்டளையை டிரான்ஸ்போர்ட் விருப்பத்தோடு ஓட்டினால் டிஸ்க்குகள் சாஸ் முகவரியோடு வரும். தவறான வரி ஒன்று புகுந்திருந்தால், அதே ஃபை, அதே இண்டெக்ஸ் கொடுத்து --டிசேபிள் சேர்த்து ஓட்டுங்கள், அந்த வரி செயலிழந்துவிடும்.

ஒரு டிஸ்க்கைப் பிடுங்கினாலோ செருகினாலோ எக்ஸ்பாண்டர் மாற்றத்தை அறிவிக்கும், எச்பிஏ மறுபடி எல்லாவற்றையும் தேடும். அந்தத் தேடலில் நீங்கள் எழுதியது மாறியிருக்கலாம், அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டேபிளைப் படித்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் இடி விழுந்து கரண்ட் போய் வந்தால் முதலில் கடைசிப் பெட்டி, அப்புறம் முதல் பெட்டி, டிஸ்க்குகள் சுழன்று நிலைத்த பிறகு சர்வர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள்.