செட்டிநாட்டு வீட்டில் பிரஷர் வாஷர்: எந்தத் தரைக்கு எந்தக் கரைசல்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் முதலில் கண்ணில் படுவது பாசி. பொங்கலுக்குள் முற்றத்தையும் வாசலையும் கழுவியாக வேண்டும். இப்போது பலர் அதற்குப் பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சியடிக்கும் மெஷின், வாங்குகிறார்கள். மெஷினைப் பற்றி நாலு கடையில் விசாரிக்கிறார்கள். அதில் ஊற்றும் கரைசலைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. பழைய தரை பாழாவது அங்கேதான்.

முதலில் தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அழுக்கைப் பார்த்து கரைசல் வாங்காதீர்கள், அது விழப்போகும் இடத்தைப் பார்த்து வாங்குங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. சிமெண்ட், மணல், நிறப்பொடி சேர்த்துக் கண்ணாடியின் மேல் வார்த்தது. சுவரில் இருப்பது சுண்ணாம்புப் பூச்சு. பல வீடுகளின் முகப்பில் இத்தாலிய மார்பிள். மூன்றிலும் சுண்ணாம்பு உண்டு, ஆசிட் பட்டால் மூன்றும் அரிக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால், பழுது பார்த்தபோது மிச்சமான கல் துண்டு ஒன்றில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை வரும். பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் மங்கி நிற்கும், விரலுக்குச் சொரசொரக்கும். எலுமிச்சைக்கே இப்படி என்றால் கழிவறை ஆசிட் என்ன செய்யும்! எங்கள் வீட்டுப் பின்கட்டில் குளியலறை வாசலில் இரண்டு கற்கள் அப்படித்தான் வெளுத்துப்போயின. அப்பத்தா எத்தனையோ முறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் பழைய நிறம் திரும்பவில்லை.

ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புச் சுவர், தேக்கு நிலைக்கதவு, இந்த மூன்றின் பக்கம் மெஷினையே கொண்டுபோகாதீர்கள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). வீட்டு மெஷின் 100 பாருக்கு மேல் அடிக்கும். கல்லின் நிறம் மேலே மெல்லிய அடுக்குதான், அதற்கு ஈரத்துணி போதும். கருங்கல் பாவிய முற்றம், சிமெண்ட் தளம், காம்பவுண்ட் சுவர், வண்டி, இவைதான் மெஷினுக்கு உரியவை.

எதை வாங்குவது

பொதுவான அழுக்குக்கு பி.எச். 7-ஐ ஒட்டிய, அதாவது ஆசிடும் காரமும் கூடாத, மிதமான சோப்புக் கரைசல். வண்டிக்கு வண்டி ஷாம்பு. போர்ட்டிகோவில் சொட்டிய ஆயில் கறைக்கு மட்டும் காரம் கூடிய கரைசல். எதுவானாலும் பிரஷர் வாஷருக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். துணி சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றினால் உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் கலப்பது என்பதற்கு டப்பாவில் உள்ள அளவே அளவு.

பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் நல்லதுதான், ஆனால் மெஷினுக்குள் போகக்கூடாது. பம்பின் ரப்பரையும் உலோகத்தையும் தின்றுவிடும். 10 லிட்டர் வாளிக்கு 100 கிராம் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துக் கருங்கல்லில் ஊற்றி, விளக்குமாறால் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு அப்புறம் மெஷினால் அலசுங்கள். ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் ஒருபோதும் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சே நின்றுபோகும் ஆபத்து. இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

இனி வேலை

நம் முற்றத்து மழைநீர் பல வீடுகளில் கிணற்றுக்குப் போகிறது. அந்த வழியை முதலில் துணி வைத்து அடைத்துவிட்டு, கழிவுநீரை வேறு பக்கம் திருப்புங்கள். செடிகளை வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். கையுறை, கண்ணாடி, ரப்பர் செருப்பு வேண்டும். பிளக் எர்த் உள்ளதாக இருக்கட்டும்.

குப்பையைக் கூட்டியெடுங்கள். மெஷினில் நுரைப் பாட்டிலையோ சோப்பு முனையையோ மாட்டுங்கள். அகலமான, குறைந்த அழுத்த முனையில்தான் பெரும்பாலான மெஷின்கள் கரைசலை உறிஞ்சும். கூர்முனையை மாட்டிவிட்டு சோப்பு வரவில்லையே என்று தவிக்க வேண்டாம். சுவரென்றால் கீழிருந்து மேலாக அடியுங்கள், அப்போதுதான் வழிந்த கோடுகள் விழாது. ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறட்டும், காயவிடாதீர்கள். அதனால்தான் உச்சி வெயிலில் இந்த வேலை கூடாது, காலை ஏழு மணிக்கு ஆரம்பிப்பது நல்லது.

அலசும்போது மேலிருந்து கீழாக. தண்ணீர் விசிறிபோல விரியும் 25 டிகிரி முனை, ஓரடி தூரம். கல் இடுக்கில் பூசிய சாந்து பெயர்கிறதென்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள்.

முடிந்ததும் பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். மெஷினை அணைத்து, தண்ணீர்க் குழாயை மூடி, கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். முற்றத்தை வெறும் தண்ணீரால் இன்னும் இரண்டு முறை அலசி, நுரையும் வாடையும் துளியும் இல்லை என்று பார்த்த பிறகே கிணற்று வழியில் வைத்த துணியை எடுங்கள்.