புது கிளட்ச் போட்ட வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் எப்படி ஓட்டுவது?

கிளட்ச் மாற்றிய வண்டியை முதல் தடவை எடுக்கும்போது முக்கால்வாசிப் பேர் ஆஃப் பண்ணிவிடுவார்கள், இல்லையென்றால் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் கிளப்புவார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பழைய கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்போது நம் இடது காலும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வந்திருக்கும், இப்போது திடீரென்று பெடல் லேசாகி, பிடிக்கிற இடமும் வேறெங்கோ போய்விட்டால் காலுக்கு எப்படித் தெரியும்?

செய்முறைக்குப் போகும் முன் ஒரு விஷயம். புது கிளட்ச் பிளேட்டும், அது ஒட்டிச் சுழலும் ஃப்ளைவீலும் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்), பிளேட்டை அதன்மேல் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், முழுப் பரப்பும் ஒன்றோடொன்று பொருந்தி உட்காருவதில்லை. அங்கங்கே மேடாக இருக்கும் இடங்கள்தான் முதலில் உரசும், இன்ஜினின் மொத்த இழுவையையும் அந்தச் சின்ன இடங்களே தாங்கும், சூடும் அங்கேதான் குவியும். நிதானமாக ஓட்டினால் மேடுகள் மெல்லத் தேய்ந்து பரப்பு முழுக்கச் சேரும். அதற்குள் அதிகமாகச் சூடேற்றிவிட்டால் பிளேட்டில் இருக்கும் பிசின் உருகி மேலே வந்து கண்ணாடி மாதிரி பளபளவென்று படிந்துவிடும். அப்புறம் பிடிப்பு குறையும், கிளப்பும்போதெல்லாம் வண்டி உதறும், மறுபடி கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டியதுதான்.

முதலில், ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன். இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, இரண்டு மூன்று நொடி பொறுத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். கர்ர் என்று கடித்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. திரவ அழுத்தத்தில் வேலை செய்யும் கிளட்ச் என்றால் அதன் ஹைட்ராலிக் லைனில் காற்று இருக்கலாம், கேபிள் வண்டி என்றால் அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருக்காது. "ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்று மெக்கானிக் சொன்னால் கேட்காதீர்கள், இது ஓட்டிச் சரியாகிற விஷயம் இல்லை.

அடுத்து, பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பெடலை மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக அமுங்கி, வண்டியின் மூக்கு ஒரு துளி அசையும், அதுதான் பிடிக்கும் இடம். மறுபடி மிதித்து, மறுபடி விட்டு, நாலைந்து தடவை செய்தால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் வேண்டாம், பழகுகிறேன் என்று அரைமணி நேரம் அங்கேயே உரசிக்கொண்டிருந்தால் பழகும் முன்பே பிளேட் கருகிவிடும்.

இனி ஓட்டம். பொதுவாக 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை பதமாக ஓட்டச் சொல்வார்கள். கிளட்ச் கிட்டோடு வந்த தாளில் வேறு கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக 800 கிலோமீட்டர் போய்விட்டு வந்து "பதமாகிவிட்டது" என்பார்கள். டாப் கியரில் போகும்போது பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுழல்கிறது, அங்கே உரசலே இல்லை, பிறகு எது தேய்ந்து எது பொருந்தும்? கிலோமீட்டரை விட, எத்தனை தடவை கிளட்சை மிதித்து விட்டீர்கள் என்பதுதான் முக்கியம். அதனால் ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டம்தான் நல்லது.

ஆனால் ஊருக்குள் ஓட்டம் என்றால் நெரிசலில் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டிருப்பது இல்லை. முன்வண்டி இரண்டடி நகர்ந்தால் நீங்களும் இரண்டடி நகராதீர்கள், கொஞ்சம் இடைவெளி விழட்டும், அப்புறம் முதல் கியரில் கிளப்பி, பெடலை முழுக்க விட்டு, அந்த இடைவெளியை ஒரே தடவையில் கடந்து நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

ஏற்றத்தில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். கிளட்ச் மாற்றிய இரண்டாம் நாளே ஒரு மேட்டில் சிக்னலுக்காக, பழைய பழக்கத்தில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பச்சை விழும் முன்பே ஏசி வழியாகக் கருகல் வாடை உள்ளே வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டேன், பெரிய சேதம் இல்லை, ஆனால் அடுத்த ஒரு வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் வண்டி மெலிதாக உதறியது.

மற்றபடி, இரண்டாம் கியரில் கிளப்பாதீர்கள், சீறிப் பாயாதீர்கள், இன்னொரு வண்டியைக் கட்டி இழுக்காதீர்கள். கியரைக் குறைத்துவிட்டுப் பெடலைப் படக்கென்று விடாதீர்கள். ஓடும்போது இடது கால் பெடல் மேல் 'சும்மா' இருக்கவும் கூடாது. பாதத்தின் எடையே, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள்: ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு "ஸ்லிப் ஆகிறதா" என்று பார்க்கும் சோதனை. பழைய கிளட்சுக்கே அது கொடுமை, புதுசுக்குக் கேட்கவே வேண்டாம்.

எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்? முதல் சில ஓட்டங்களில் லேசான வாடை, கிளப்பும்போது சின்ன உதறல் இரண்டும் வரலாம், நாளாக ஆகக் குறைய வேண்டும். குறையாமல் அதிகமானால், பிளேட்டில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறி, வேகம் ஏறவில்லை என்றால் அது ஸ்லிப். ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேபிள் கிளட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. பிளேட் தேய்ந்து பொருந்திய பிறகு பெடலின் மேல்பக்க லூஸ் குறைந்திருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் கையாலேயே பெடலை அழுத்திப் பாருங்கள், எடுத்த எடுப்பிலேயே இறுக்கமாக இருந்தால் கேபிளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.