பழைய எண், புதிய எண்: மெட்ராஸில் முன்னோர் குடியிருந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கடித உறையில் "45, லாயிட்ஸ் ரோடு, மெட்ராஸ்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாயிட்ஸ் ரோடு இன்றைய அவ்வை சண்முகம் சாலை. தெருவைப் பிடித்துவிடலாம். ஆனால் அங்கே இப்போது 45 என்று எழுதியிருக்கும் கதவு உங்கள் கொள்ளுத்தாத்தா திறந்த கதவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சென்னையில் தெருப் பெயரும் மாறும், கதவு எண்ணும் மாறும். நின்று பிடிப்பவை இரண்டுதான்: நில அளவை எண் (சர்வே எண்), நான்கெல்லை (மனையின் நாலு பக்கமும் யாருடைய வீடு, எந்தத் தெரு என்ற விவரம்). தேடலை அந்த இரண்டை நோக்கியே நகர்த்துங்கள்.

படி 1: வீட்டுக் காகிதங்களுக்கு ஆண்டு குறியுங்கள்

கடிதம், கல்யாணப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு என்று முகவரி உள்ள எல்லாவற்றையும் எடுத்து ஒரு அட்டவணையில் எழுதுங்கள்: ஆண்டு, முகவரி, எந்தக் காகிதம். ஆண்டு இல்லாத கதவு எண்ணால் பயனில்லை.

தேதி அழிந்திருந்தாலும் முகவரியே காலத்தைச் சொல்லும். "மெட்ராஸ்-17" என்று மட்டும் இருந்தால் அநேகமாக 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தையது. ஆறு இலக்க பின்கோடு வந்தது அன்றுதான். அந்த 17தான் பிறகு 600017 ஆனது, ஆக பேட்டையும் தெரிந்துவிடும்: தியாகராய நகர். "மெட்ராஸ் ஸ்டேட்" என்று அச்சிட்டிருந்தால் 1969க்கு முந்தைய தாள். ஆனாலும் பழக்கத்தில் பழைய பெயரையே எழுதியவர்கள் உண்டு. கையெழுத்தைவிட அச்சையும் அஞ்சல் முத்திரையையும் நம்புங்கள்.

படி 2: தெருவின் இன்றைய பெயர்

அடிக்கடி தேவைப்படுபவை: மவுண்ட் ரோடு – அண்ணா சாலை, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு – ராதாகிருஷ்ணன் சாலை, மௌபரீஸ் ரோடு – டி.டி.கே. சாலை, பைகிராஃப்ட்ஸ் ரோடு – பாரதி சாலை, பிராட்வே – பிரகாசம் சாலை, சைனா பஜார் – நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. கறுப்பர் நகரம் என்றால் ஜார்ஜ் டவுன்.

எழுபதுகளின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்கள் நீக்கப்பட்டபோது சில பலகைகளில் பாதிப் பெயர்தான் மிஞ்சியது. அதனால் முழுப் பெயரில் கிடைக்காவிட்டால் பட்டத்தை விட்டுவிட்டுத் தேடுங்கள். பிள்ளையார் கோயில் தெரு மாதிரிப் பெயர்கள் பேட்டைக்குப் பேட்டை இருக்கும். பேட்டை உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: சொந்த வீடா, வாடகை வீடா?

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். வாடகைக்கு இருந்தவர் பெயர் பத்திரப்பதிவில் அநேகமாக இருக்காது. ஓராண்டுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டிய கட்டாயமே அப்போது இருக்கவில்லை. அவர்களுக்கு மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், கிறிஸ்தவக் குடும்பமானால் தேவாலயத் திருமணப் பதிவேடு ஆகியவைதான் வழி. இறப்புப் பதிவின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். இறப்பின் காரணம் மட்டும் அதில் வராது. வீட்டுக்காரர் பெயர் குடும்பத்தில் யாருக்காவது நினைவிருந்தால், அவர் பெயரில் அடுத்த படியைச் செய்யுங்கள்.

படி 4: பத்திரப்பதிவு

பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் 1975க்குப் பிந்தையவை. அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். எத்தனை ஆண்டுக்குத் தேடச் சொல்கிறீர்களோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். 1900 முதல் 1970 வரை என்று எழுதாமல், உங்கள் அட்டவணையைப் பார்த்துப் பத்துப் பத்து ஆண்டாகக் கேளுங்கள். எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், அந்தப் பேட்டையின் பழைய வால்யூம்கள் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்பதை முதலில் விசாரியுங்கள்.

சொத்து விவரம் தெரியாதா? கவலையில்லை. 1908 பதிவுச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் இருக்கும் முதலாம் அட்டவணை (இண்டெக்ஸ் 1) எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்வாரியாக இருக்கும். இரண்டாம் அட்டவணை சொத்துவாரியாக இருக்கும். பெயரை வைத்துத் தேடும்போது அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலை மனத்தில் வையுங்கள்: முத்துசாமி என்பது எம்.யு. என்றும் வரும், எம்.ஓ.ஓ. என்றும் வரும். தந்தை பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரே தெருவில் மூன்று முத்துசாமிகள் கிடைப்பார்கள். உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உயிலில் வீட்டு விவரம் விரிவாக இருக்கும் என்பதால் அதை விட்டுவிடாதீர்கள்.

படி 5: சொத்து விவரத்தைப் படிப்பது

பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தில் பழைய சர்வே எண், மறு சர்வே எண், கலெக்டர் சான்றிதழ் எண், பரப்பு, நான்கெல்லை இருக்கும். மறு சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் நில மின்சேவைத் தளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்க்க அதுதான் திறவுகோல். நிலம் பிரிந்திருந்தால் எண்ணின் பின்னால் 12/1, 12/2 என்று உட்பிரிவு சேர்ந்திருக்கும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். பரப்பு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எல்லையைப் படிப்பதில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்ப் பத்திரத்தில் "இன்னார் வீட்டுக்கு வடக்கு" என்றால் உங்கள் வீடு வடக்கே, இன்னார் வீடு தெற்கே. ஆங்கிலப் பத்திரத்தில் "வடக்கில் இன்னார் வீடு" என்று நேர்மாறாக எழுதுவார்கள். இரண்டையும் ஒரே மாதிரி படித்தால் வீடு தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய்விடும்.

படி 6: பழைய வரைபடத்தை இன்றையதன் மேல் பொருத்துவது

1909 இம்பீரியல் கெஜட்டியர் அட்லஸில் உள்ள மெட்ராஸ் வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. தொடங்குவதற்கு அது போதும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் லேயர் மெனுவில் (பழைய பதிப்புகளில் ராஸ்டர் மெனுவில்) ஜியோரெஃபரன்சர் என்ற பொருத்தும் கருவியைத் திறந்து, ஆயத்தொலை முறையாக 32644ஐ (சென்னைக்கு உரிய இ.பி.எஸ்.ஜி. குறியீடு) தேர்ந்தெடுங்கள். பிறகு பழைய வரைபடத்திலும் இன்றையதிலும் ஒரே இடமாக இருப்பவற்றைப் புள்ளிகளாகக் குறியுங்கள்.

முதல்நிலைப் பல்லுறுப்பு உருமாற்றம் (பாலினாமியல் 1) என்ற எளிய பொருத்தும் முறைக்கு 3 புள்ளிகள் போதும் என்றாலும் 6 முதல் 8 வையுங்கள். 3 மட்டும் வைத்தால் பிழை எப்போதும் பூஜ்யம் என்றே காட்டும், தப்பு வெளியே தெரியாது. புள்ளிகளை நகரம் முழுக்கப் பரப்பி வையுங்கள்: கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம், உயர் நீதிமன்றம், சென்ட்ரல் நிலையம், கபாலீசுவரர் கோயில் குளத்தின் மூலைகள். கடற்கரையைத் தொடாதீர்கள். 1870களில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றுவிட்டது. பழைய கரைக்கோட்டை இன்றைய கரையோடு இணைத்தால் வரைபடம் முழுக்கச் சாய்ந்துவிடும். கூவம் முகத்துவாரத்துக்கும் இதே எச்சரிக்கை.

தியாகராய நகரில் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஏரி தெரிந்தால் வரைபடம் தவறில்லை. அந்தப் பகுதி 1920களில்தான் ஏரியைத் தூர்த்து மனைகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பம் அங்கே வந்த காலத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அத்துடன், நகர அளவு வரைபடத்தில் தெருதான் தெரியும், கதவு எண் தெரியாது. தெருவின் எந்த முனை, எந்தச் சாரி என்பதை நான்கெல்லையில் வரும் கோயில், சந்து, கால்வாயை வைத்து முடிவு செய்யுங்கள்.

நேரில் போகும்போது கதவிலோ வரி ரசீதிலோ "புதிய எண் / பழைய எண்" என்று இரண்டும் இருக்கும். அந்தப் பழைய எண்ணும் உங்கள் காகிதத்துக்குப் பிந்தைய ஒரு மாற்றத்தில் வந்ததாக இருக்கலாம். பக்கத்து மனையின் பத்திரத்தில் உங்கள் முன்னோர் பெயர் எல்லையாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால், இடம் அதுதான்.