மலைக்குளிரில் சர்க்கரையைக் குறைக்க, டீயிலிருந்து தொடங்குங்கள்

கோத்தகிரியில் ஜனவரி மாதக் காலையில் கையைச் சூடாக்கிக்கொள்ளவே ஒரு டீ வேண்டும். எழுந்ததும் ஒன்று, டிபனோடு ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் வர்க்கியோடு (எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட்) ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னும் ஒன்றிரண்டு. ஆறு டம்ளர் இங்கே சாதாரணம். அதனால்தான் சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், ஸ்வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டீயைக் கவனியுங்கள் என்கிறேன்.

முதல் படி, அளப்பது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். எங்கள் அம்மா குவித்துப் போடும் ஸ்பூனைச் சமையல் தராசில் வைத்தேன். 7 கிராம் காட்டியது. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் ஆறு டீக்கு 84 கிராம்! ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு.

இரண்டாவது படி, டீ போடும் முறையை மாற்றுவது. இதுதான் முக்கியம். டஸ்ட் டீயைப் பாலோடு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கசப்பும் துவர்ப்பும் டீயில் ஏறிவிடும். அதை மறைக்கத்தான் இரண்டாவது ஸ்பூன் தேவைப்படுகிறது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, சுடச்சுடப் பால் சேருங்கள். நம் மலையிலேயே கிடைக்கும் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை என்றால் பாலே வேண்டாம். அந்த மணத்துக்குச் சர்க்கரை இடைஞ்சல். இரண்டு ஏலக்காய்த் தோலோ தட்டிய இஞ்சியோ போட்டால் நாக்கு ஏமாற்றமடையாது.

மூன்றாவது, பாத்திரத்தில் சர்க்கரை போடுவதை நிறுத்துங்கள். அவரவர் டம்ளரில் போட்டுக்கொள்ளட்டும். வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்தால் இரண்டு ஸ்பூனிலிருந்து அரை ஸ்பூனுக்கு வர ஆறு வாரம் ஆகும். அவசரப்பட வேண்டாம், நாக்கு பழக நாள் வேண்டும். டீக்கடையில் முதலில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லிப் பழகுங்கள், அப்புறம் 'வித்தவுட்'.

டீ வழிக்கு வந்த பிறகு பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். சத்துமாவு பானம், தக்காளி சாஸ், பிஸ்கட், பழச்சாறு, பிரட் எல்லாவற்றிலும் சர்க்கரை ஒளிந்திருக்கும். பின்பக்கச் சத்துப் பட்டியலில் 'ஆடட் சுகர்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் எத்தனை ஸ்பூன் என்று தெரிந்துவிடும். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக இருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்று வேறு பெயரில் வரும் சர்க்கரையோ இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்குப் பானத்தூள் கலக்கும்போது மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை வேறு போடுகிறோமே, அது என் மனதை மிகவும் உறுத்துகிறது. தூளிலேயே சர்க்கரை இருக்கிறது.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், மலைத்தேன் மூன்றும் அந்த 50 கிராம் கணக்கில்தான் வரும். தேன் என்பதால் மூன்று ஸ்பூன் ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். பேரிக்காயும் பிளம்ஸும் முழுப் பழமாகக் கடித்துத் தின்றால் கணக்கில் சேராது. சாறு பிழிந்தால் சேரும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். மருந்தின் அளவு மாறாமல் சாப்பாட்டில் இனிப்பு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

சாயங்கால வர்க்கியை விட மனம் வராதவர்கள், டீயை வித்தவுட்டாக வைத்துக்கொண்டு அதில் ஒன்றை நனைத்துச் சாப்பிடுங்கள். வர்க்கியிலேயே லேசான இனிப்பு இருக்கிறது. அது போதும்.