மலைல கண்ணாடி ரூம் போடப் போறீங்களா? வெயிலுக்கு முன்னாடி ஓதத்தை யோசிங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்ப வீட்டு முன்னாடி இருக்குற சிட் அவுட்டை கண்ணாடி போட்டு மூடி சன் ரூம் ஆக்கிக்கிறது ரொம்ப சகஜமாயிடுச்சு, கொடைக்கானல்லயும் அதே கதைதான். ஐடியா நல்ல ஐடியா, குளிர்ல உக்காந்து டீ குடிக்கலாம், மழைக்காலத்துல துணி காயப்போடலாம், வயசானவங்க வெளிய போகாமலே வெயில் காயலாம். ஆனா கட்டுறவங்க நிறைய பேரு ஃபேப்ரிகேட்டர்கிட்ட, அதாவது ஃப்ரேம் செஞ்சு கண்ணாடி மாட்டுறவர்கிட்ட, சொல்ற முதல் வார்த்தையே "ஒரு பொட்டு காத்து உள்ள வரக்கூடாது பா" அப்படிங்கறதுதான். அவரும் சுத்தி சிலிக்கான் அடிச்சு டப்பா மாதிரி மூடிக் குடுத்துட்டுப் போயிடுவாரு, ரெண்டாவது மழைக்காலத்துல சோஃபாவுக்குப் பின்னாடி கருப்பா பூஞ்சை, மரக்கதவு ஊதிப்போய் இழுக்க வராது, ரூம் முழுக்க ஊசிப்போன வாடை. மழைத்தண்ணி உள்ள வரக்கூடாது, சரி. காத்து வந்தே ஆகணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கறதுதான் பாதிப் பிரச்சனை.

முதல்ல உங்க வீட்டுக்கு மழை எந்தப் பக்கம் இருந்து அடிக்குதுன்னு பாருங்க, ஏன்னா மலைல இது ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கமெல்லாம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழைதான், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே அந்த மழை. கோத்தகிரி, குன்னூர் ஆளுங்களுக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்குதான் பெருசு. ஊட்டில தெக்க மேக்க இருந்து அடிக்கிற சாரலுக்குன்னு போட்ட டிசைனை அப்படியே கோத்தகிரில காப்பி அடிச்சா கிழக்குப் பக்கம் ஒழுகும். சாரல் அடிக்கிற பக்கத்துல கூரையை சுவத்துக்கு வெளிய ரெண்டடியாவது நீட்டுங்க, திறக்குற ஜன்னல்களை அதுக்கு எதிர்ப்பக்கம் வைங்க.

வெயில் கணக்கு இதை விட ஈஸி. நம்ம மலை 10, 11 டிகிரி அட்சரேகைல இருக்கு, அதனால டிசம்பர்ல நடு மத்தியானத்துல கூட சூரியன் தெக்கு சாய்ஞ்சு 55 டிகிரி உயரத்துலதான் நிக்கும், ஜூன்ல கிட்டத்தட்ட தலைக்கு மேல, லேசா வடக்க. நமக்கு வெயில் வேண்டியது பனிக்காலத்துக் காலைலதான், அப்ப பெரிய கண்ணாடி தென்கிழக்குல வரணும். மேற்குப் பக்கம் முழுக்க கண்ணாடி போடாதீங்க. ஊட்டிதானே, சூடு எங்க வரப்போகுதுன்னு நினைப்பீங்க, ஏப்ரல் மே மாசம் மத்தியானம் மூணு மணிக்கு மூடின கண்ணாடி ரூமுக்குள்ள போய் அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க தெரியும்.

பர்மிஷன் விஷயம் சுருக்கமா. சின்ன ரூம்தானேன்னு விட்டுடாதீங்க, மலைப்பகுதி விதில கட்டட உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கு, மாடில போடறவங்க இதுல மாட்டுவாங்க. நீலகிரில மண்ணு வெட்ட பொக்லைன் இறக்கணும்னா மாவட்ட நிர்வாக அனுமதி வேணும். அதே மாதிரி, சரிவுல மண்ணு கொட்டி நிரப்பின இடத்துல ரூமை உக்கார வெக்காதீங்க, வீடு ஒரு பக்கம் நிக்கும் புது ரூம் தனியா இறங்கும், நடுவுல விரிசல், அதுல தண்ணி. 2009 நவம்பர்ல இங்க எவ்வளவு மண்சரிவுன்னு பாத்தவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. ரிவெட்மென்ட் சுவர் (சரிவுல மண்ணு சரியாம தாங்குற சுவர்) இருந்தா அதுல தண்ணி வெளியேறுற ஓட்டைகளை புது தளம் போடும்போது சிமெண்ட் பூசி அடைச்சிடாம பாத்துக்கங்க.

தரைக்கு கீழ கெட்டியான பாலிதீன் ஷீட் விரிச்சு அதுக்கு மேல கான்கிரீட் போடச் சொல்லுங்க, இல்லன்னா மண்ணுல இருக்குற ஈரம் மேல ஏறிக்கிட்டே இருக்கும். மேல டைல்ஸ் போதும், லேமினேட் மரத்தரை இங்க தாங்காது. கண்ணாடியை தரைல இருந்தே ஆரம்பிக்காம ஒன்றரை ரெண்டடி செங்கல் சுவர் வெச்சு அதுக்கு மேல ஏத்துனா தரைல தெறிக்கிற செம்மண் தண்ணி கண்ணாடில படியாது.

இப்ப முக்கியமான மேட்டர், கண்ணாடி வேர்க்கிறது. ஒரு சின்ன கணக்கு சொல்றேன். ரூமுக்குள்ள 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வைங்க, மழைக்காலத்துல மலைல இது சாதாரணம். அந்தக் காத்து 14 டிகிரி சில்லறைக்கு கீழ இருக்குற எதைத் தொட்டாலும் தண்ணியா மாறிடும். வெளிய ராத்திரி 8 டிகிரின்னா ஒத்தைக் கண்ணாடியோட உள்பக்கம் 10, 11 டிகிரிலதான் இருக்கும். அப்ப காலைல கண்ணாடி ஈரமா இல்லாம என்னவா இருக்கும்? இதை கண்ணாடியோட குத்தம்னு நினைச்சு ஆளைக் கூப்ட்டு திரும்ப சிலிக்கான் அடிக்கிறாங்க, அதனால இன்னும் மோசமாத்தான் ஆகும், ஏன்னா அந்தத் தண்ணி வெளிய இருந்து வரல, உங்க ஈரத்துணில இருந்தும் சமையக்கட்டுல இருந்தும் நம்ம மூச்சுல இருந்தும் வருது.

சரி அப்ப டபுள் கண்ணாடி போட்டுடலாம்னு சொல்வாங்க. போடலாம், நல்லதுதான், ஆனா ஒரு சிக்கல் இருக்கு, அதை கீழ இருக்குற கடைக்காரங்க பல பேரு சொல்ல மாட்டாங்க. டபுள் கண்ணாடின்னா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்தை அடைச்சு சீல் பண்றது. அதை கோயம்புத்தூர் உயரத்துல சீல் பண்ணி மேல கொண்டு வந்தா, மேட்டுப்பாளையத்துல வாங்கின சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வர்றதுக்குள்ள உப்பிக்குமே அதேதான் நடக்கும். கோவையை விட ஊட்டில காத்தழுத்தம் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. கண்ணாடி வெளிப்பக்கமா புடைக்கும், ஓரத்துல சீல் பிரியும், அப்புறம் நடுவுல ஈரம் புகுந்து துடைக்கவே முடியாத மாதிரி மங்கிப்போகும். ஆர்டர் குடுக்கும்போதே எந்த உயரத்துக்குப் போகுதுன்னு சொல்லி, அழுத்தத்தை சமப்படுத்துற மெல்லிய ட்யூப் வெச்சுத்தான் தரணும்னு கேளுங்க. அதைக் கேட்டு முழிச்சாருன்னா வேற கடை பாருங்க. இன்னொண்ணு வெயிட்டு: 6 எம்.எம் கண்ணாடியே சதுர அடிக்கு 1.4 கிலோ வரும், மூணுக்கு ஆறடி பீஸ் 25 கிலோ, டபுள்னா 50. ரோட்ல இருந்து அறுபது படி இறங்குற வீட்டுக்கு அதைத் தூக்கிட்டுப் போறவங்களை நினைச்சு பீஸை சின்னதா வைங்க.

கூரையைப் பத்தி என் கருத்து, முழு கண்ணாடிக் கூரை மலைக்கு வேண்டாம். வானம் தெளிவா இருக்குற பனிக்கால ராத்திரில கூரைதான் முதல்ல ஜில்லுனு ஆகும், விடியறதுக்குள்ள தண்ணி சொட்டு சொட்டா தலைல விழும். வெறும் தகரம் போட்டாலும் இதேதான். பஃப் பேனல் (ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஃபோம் வெச்ச ஷீட்) போட்டு நடுவுல வெளிச்சத்துக்கு ஒரு பட்டை மட்டும் பாலிகார்பனேட் (வெளிச்சம் விடுற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்) விடுங்க. அந்த ஷீட்ல யூ.வி. கோட்டிங் இருக்குற பக்கம் மேல வரணும், உள்ள இருக்குற குழாய் மாதிரி வரிகள் சரிவு வாக்குல இறங்கணும், மேல் முனையை அலுமினிய டேப் போட்டு மூடி கீழ் முனையை மூச்சு விடுற டேப் போட்டு விடணும், இல்லன்னா ஒரு வருஷத்துல வரிக்குள்ள பச்சைப் பாசி ஓடும். உறைபனி விழுந்த காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவுல பத்தடி ஷீட் 7, 8 மில்லிமீட்டர் நீளும், அதனால ஸ்க்ரூ ஓட்டையை பெருசா போடச் சொல்லுங்க. இல்ல, கண்ணாடிதான் வேணும்னு அடம்பிடிச்சா வெறும் டஃபன்ட் (சூடாக்கி கெட்டிப்படுத்தின கண்ணாடி) போதாது, உடைஞ்சாலும் துண்டு கீழ விழாம நடுவுல ஃபிலிம் ஒட்டின லேமினேட்டட் போடுங்க, ஏன்னா கூரை மேல குரங்கு குதிக்கும், நிச்சயமா குதிக்கும்.

ஃப்ரேமுக்கு யூ.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) அல்லது பவுடர் கோட்டிங் அலுமினியம். மலை ஈரத்துக்கு அலுமினியத்துல இரும்பு ஸ்க்ரூ அடிச்சா அந்த இடம் அரிச்சுடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். சிலிக்கான்ல வினிகர் வாடை வந்தா அது ஆசிட் வகை, திருப்பிக் குடுத்துட்டு ஆசிட் இல்லாத நியூட்ரல் வகை வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் ஸ்லைடிங் ட்ராக்கோட வெளிப்பக்கம் அடில பென்சில் முனை நுழையற அளவு ஓட்டைங்க இருக்கும், ட்ராக்ல விழற தண்ணி வெளிய போறதுக்குத்தான். ஃபிட் பண்றவர் ஆர்வக்கோளாறுல அதையும் சேத்து சிலிக்கான் வெச்சு அடைச்சிட்டுப் போயிடுவாரு, அப்ப ட்ராக் ரொம்பி உள்பக்கமா வழிஞ்சு டைல்ஸ்ல ஓடும், நீங்க கூரை ஒழுகுதுன்னு மேலயே பாத்துட்டு நிப்பீங்க. ஒரு டம்ளர் தண்ணியை ட்ராக்ல ஊத்திப் பாருங்க, அரை நிமிஷத்துல வெளிய வடியணும்.

காத்துக்கு, கீழ ஒரு வரிசை மேல ஒரு வரிசை. தரைல இருந்து ஒரு அடிக்குள்ள லூவர் (சாய்வா பட்டை பட்டையா வெச்ச காத்து ஜன்னல்), எதிர்ச்சுவத்துல கூரையை ஒட்டி திறக்குற ஜன்னல், சூடான ஈரக்காத்து மேல போய் வெளியேறும், கீழ இருந்து புதுக்காத்து வரும், ஃபேனே தேவையில்ல. வீட்டுக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல இருக்குற பழைய கதவை எடுத்துடாதீங்க, ராத்திரி அதை மூடிட்டு மேல் ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வைங்க. டீஹ்யூமிடிஃபையர் (காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குற மெஷின்) வாங்குறதுன்னா கம்ப்ரெஸர் வகை 15 டிகிரிக்கு கீழ திணறும், ஈரத்தை உறிஞ்சுற பொருள் வெச்ச டெசிகன்ட் வகை பாருங்க. கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் ரெண்டும் மூடின ரூமுக்குள்ள கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாம ஆளை முடிச்சிடும், அது போக ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல நீராவிதான் வரும், எதுக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே வீணா போயிடும்.

லாக் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. குரங்கு ஸ்லைடிங் கதவை ஒரே நாள்ல கத்துக்கும். கோத்தகிரி குன்னூர்ல கரடி எண்ணெய் வாடைக்கு கோயில் கதவையே உடைக்குது, அதனால இந்த ரூம்ல விளக்குக்கு ஊத்துற எண்ணெய், பழம், நாய் சாப்பாடு எதையும் ராத்திரி விட்டு வெக்காதீங்க.

வேலையை ஜனவரில ஆரம்பிச்சு ஏப்ரலுக்குள்ள முடிக்கிற மாதிரி வைங்க. முடிஞ்சதும் ஃபைனல் பேமென்ட் குடுக்கறதுக்கு முன்னாடி ஹோஸ் டெஸ்ட் கட்டாயம்: ஒருத்தர் வெளிய நின்னு பைப்பால கீழ இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல தண்ணி அடிக்கணும், நீங்க உள்ள டார்ச் வெச்சு பாக்கணும், மேல இருந்து ஆரம்பிச்சா எந்த ஜாயின்ட் ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. பழைய சுவரும் புதுக் கூரையும் சேர்ற இடத்துல மட்டும் பத்து நிமிஷம் விடாம அடிக்கச் சொல்லுங்க, ஒழுகினா அங்கதான் ஒழுகும்.