கெடல்ஸ்டன் மாளிகை: முகப்பைப் பார்த்து முடிவு கட்டினால் எங்கே சறுக்கும்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், டார்பி நகருக்கு வடமேற்கே சில மைல் தள்ளி இருக்கிறது கெடல்ஸ்டன் ஹால். பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் செவ்வியல் பாணி நாட்டுப்புற மாளிகைகளைக் கற்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஆனால் பார்க்கிறவர்களும் எழுதுகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் தவறுகிறார்கள்.

முதல் தவறு, மொத்த வீட்டையும் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் கணக்கில் எழுதிவிடுவது. வீட்டின் உரிமையாளர் சர் நத்தானியேல் கர்சன் 1759-இல் வேலையைத் தொடங்கியபோது பொறுப்பில் இருந்தவர் மேத்யூ பிரெட்டிங்கம். அவருக்குப் பின் ஜேம்ஸ் பெய்ன் வந்தார். தோட்டத்துச் சிறு கட்டடங்களுக்காக அழைக்கப்பட்ட ஆடம், 1760-இல் வீட்டையே கையில் எடுத்துக்கொண்டார். இந்தக் கைமாற்றம் கட்டடத்திலேயே தெரிகிறது. வடக்கு முகப்பு பெரும்பாலும் பெய்னின் திட்டம்: தலைப்பகுதியில் இலை வேலைப்பாடு கொண்ட ஆறு கொரிந்தியத் தூண்கள், மேலே முக்கோண முகடு, 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வழி வந்த அடக்கமான ஒழுங்கு. அப்படியே சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் வாருங்கள், வேறு மனிதரின் கை தெரியும். அங்கே ஆடம், ரோமில் உள்ள கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். நான்கு தூண்கள் சுவரில் ஒட்டாமல் தனியே முன்னால் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலை, பின்னால் தாழ்ந்த குவிமாடம். மேலே லத்தீன் பொறிப்பில் 1765 என்ற ஆண்டும், 'நண்பர்களுக்கும் தனக்கும்' என்ற சொற்களும் உள்ளன. ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து 'இதுதான் இந்த வீட்டின் பாணி' என்று எழுதினால் பாதி வீடு விட்டுப்போகும்.

அந்தப் பொறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த தவறு தானே விலகும். நடுவில் உள்ள பெரிய கட்டடத்தில்தான் குடும்பம் வாழ்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது விருந்தினருக்கும் காட்சிக்கும் கட்டியது. குடும்பம் புழங்கியது கிழக்குச் சிறகில், அதாவது கிழக்குப் பக்கக் கட்டடத்தில், சமையல் மேற்குச் சிறகில். இரண்டையும் நடுக்கட்டடத்தோடு வளைந்த நடைக்கூடங்கள் இணைக்கின்றன. சமையலறை இவ்வளவு தள்ளிப் போனது வீண் ஆடம்பரம் இல்லை. தீ, புகை, வாடை மூன்றையும் சித்திரங்களிலிருந்தும் விருந்தினரிடமிருந்தும் ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு அது. தரைத்தளத்தை முதன்மைத் தளம் என்று எண்ணுவதும் இதோடு சேர்ந்த பிழை. கீழே சொரசொரப்பான கல் வரிகளோடு தாழ்வாக இருப்பது தாங்குதளம்தான். வெளிப்படி ஏறி, தூண் மண்டபம் கடந்து நுழையும் மேல்தளமே பெருமைத் தளம்.

முதல் திட்டத்தில் நான்கு மூலைக்கும் நான்கு சிறகுகள் இருந்தன. கட்டியது வடக்கே உள்ள இரண்டை மட்டும். இதை மறந்துவிட்டு, 1799 முதல் 1803 வரை சார்லஸ் வையட் கட்டிய கல்கத்தா அரசினர் மாளிகையைக் 'கெடல்ஸ்டனின் நகல்' என்பது சரியல்ல. கல்கத்தாவில் நான்கு சிறகுகளும் நிற்கின்றன. கெடல்ஸ்டனில் காகிதத்தோடு நின்றுபோன ஏற்பாடு அங்கேதான் முழுமையடைந்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்த கர்சன் பிரபு வைஸ்ராயாக வந்தது அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1899-இல். அவருக்காகக் கட்டியது என்று சொல்வதும் தவறு.

உள்ளே போனால் பளிங்குக் கூடம். பெயரை நம்பி 20 தூண்களையும் பளிங்கு என்று எழுதிவிடாதீர்கள். அவை நாட்டிங்ஹாம்ஷயர் அலபாஸ்டர். கிட்டே நின்று பாருங்கள்: வெளுத்த பரப்பில் இளஞ்சிவப்பும் செம்பழுப்பும் மேகம்போல் ஓடும், இரண்டு தூண் ஒன்றுபோல் இருக்காது. அலபாஸ்டர் என்பது ஜிப்சம் என்ற மென்மையான கனிமம். நகத்தால் கீறினாலே கோடு விழும், தண்ணீரிலும் மெல்லக் கரையும். அதனால் அதைக் கையால் தொடுவதும் ஈரத்துணியால் துடைப்பதும் சேதம். வெளிச் சுவருக்கு இந்தக் கல் ஏன் ஆகாது என்பதற்கும் இதுவே காரணம். கூடத்துக்கு வெளிச்சம் கூரையிலிருந்து இறங்குகிறது. பக்கச் சுவர்களில் சன்னல் தேடிப் பயனில்லை.

தூணின் விகிதத்தை அளக்கிறவர்கள் பிழை செய்யும் இடம் ஒன்று உண்டு. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் 1732-இல் தந்த கணக்குப்படி, அடித்தளக் கல்லும் தலைப்பகுதியும் சேர்த்துத் தூணின் உயரம் விட்டத்தைப் போல, தூண் வகைக்கு ஏற்ப, இத்தனை மடங்கு: டஸ்கன் 7, டோரிக் 8, அயோனிக் 9, கொரிந்தியம் 10. இந்த விட்டத்தைத் தண்டின் அடியில்தான் அளக்க வேண்டும். தண்டு மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஆறில் ஐந்து பங்காகிவிடும். அங்கே அளந்தால் 10 வரவேண்டிய இடத்தில் 12 வரும், தூண் விதிமீறியது என்ற தவறான முடிவும் வரும். படத்திலிருந்து அளப்பதானால் தூரத்தில் நின்று எடுங்கள். அருகில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் மேல்பாதி குறுகிவிடும். தலைப்பகுதியில் இலைகளோடு பெரிய சுருள்களும் இருந்தால் அது கொரிந்தியம் இல்லை, அயோனிக்கும் கொரிந்தியமும் கலந்த காம்போசிட் வகை.

கடைசியாக, அடைத்த சன்னல்கள். எந்த மாளிகையில் பார்த்தாலும் 'சன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது' என்று சொல்லிவிடுவார்கள். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் செவ்வியல் முகப்பில் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். உள்ளே கணப்போ படிக்கட்டோ வரும் இடத்தில், வெளியே சன்னல் வடிவத்தை மட்டும் கட்டிவைப்பது வழக்கம். எது எது என்று அறிய, அடைப்பின் இணைப்புக் கோடுகளைப் பாருங்கள். சுற்றுச் சுவரின் வரிசைகளோடு அடைப்பின் கற்கள் பின்னிப்போனால் கட்டும்போதே அப்படிக் கட்டியது. நான்கு பக்கமும் நேர்க்கோடாகப் பிளவு தெரிந்து, காரையின் நிறமும் வேறாக இருந்தால் பின்னால் அடைத்தது. அப்போதும் வரிதான் காரணம் என்று உறுதியாகாது, அறை மாற்றமாகவும் இருக்கலாம். மேலும் கீழும் நகரும் சன்னலை வைத்து வீட்டின் வயதைச் சொல்லும்போது சட்டத்தின் மூலையைக் கவனியுங்கள். அங்கே கொம்புபோல் மரம் நீட்டிக்கொண்டிருந்தால், பெரிய கண்ணாடியின் எடையைத் தாங்க 19-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து செய்த முறை அது. சுவர் 1760-களைச் சேர்ந்ததாக இருக்கலாம், சன்னல் அல்ல.