கையில் கேமரா, கிளையில் ஆந்தை: குளிர்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு புல்வெளி ஓரத்தில் குளிரில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர், புது லென்ஸ் வாங்கிய உற்சாகத்தோடு ஒரு பைன் மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு எட்டு வைப்பார்கள், பத்து கிளிக். மறுபடி நாலு எட்டு. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதே நடையை நானும் நடந்திருக்கிறேன். கத்தித் தடுக்கலாம் என்றால், மரத்திலிருக்கும் ஆந்தை என் கத்தலுக்கே பறந்துவிடும்.

பேட்டரியைச் சார்ஜ் போடாமல் கிளம்புவது, மெமரி கார்டை மறந்துவிட்டு வருவது இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் புத்தி வந்துவிடும். பட்டும் வராதவை மட்டும் இங்கே.

ஸ்டெபிலைசேஷன் தரும் தைரியம்

400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/400 நொடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. ஸ்டெபிலைசேஷன் இருந்தால் உட்கார்ந்திருக்கும் ஆந்தையை 1/60-இல் கூட எடுக்கலாம். உண்மைதான். ஆனால் அது அடக்குவது நம் கை நடுக்கத்தை மட்டும். ஆந்தையின் கண்கள் குழிக்குள் சுழலாது. எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் தலையைத்தான் திருப்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தில் அழுத்தினால் முகம் குழம்பிவிடும். இரண்டு திருப்பங்களுக்கு நடுவே சிலை மாதிரி நிற்கும். அப்போது ஐந்தாறு படம் தொடர்ச்சியாக அழுத்துங்கள், ஒன்றாவது தேறும்.

பறக்கும் குட்டைக்காது ஆந்தைக்கு 1/1600-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. (கேமரா ஒளியை உணரும் அளவு) 6400 போனால் போகட்டும். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பனியைக் கேமராவின் பொறுப்பில் விடுவது

எதைக் காட்டினாலும் கேமரா அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பனி அழுக்காகவும் ஆந்தை கரிக்கட்டையாகவும் வரும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். பறவையே வெள்ளையாக இருந்தால், அதாவது பனி ஆந்தை என்றால், ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

ஃபிளாஷ்

வேண்டாம்.

"இன்னும் ரெண்டே எட்டு"

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். ட்ரைபாடோடு வருபவர் ஓரிடம் பார்த்து மூன்று காலையும் ஊன்றிவிட்டால் லேசில் நகரமாட்டார். கையில் பிடித்து எடுக்கும் நமக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. திரையில் பார்க்கிறோம், ஆந்தை சின்னதாகத் தெரிகிறது, கால் தானாக முன்னே போகிறது.

நானும் அதே நடையை நடந்த நாளில் என்னிடம் இருந்தது 300 மி.மீ. லென்ஸ். கடுங்குளிர்காலத்துக் காலை. ஊசியிலை மரங்களின் அடர்ந்த வரிசை. ஒரு மரத்தடியில் மட்டும் வெள்ளையாக எச்சம், பக்கத்தில் எலி முடியும் எலும்பும் சேர்ந்து உருண்டையாகக் கக்கிப் போட்டவை. அண்ணாந்து பார்த்தால் நீளக்காது ஆந்தை. கம்பளி நூல் உருண்டை மாதிரிப் புசுபுசுவென்று உட்கார்ந்திருந்தது. கண்கள் கோடாக மூடியிருந்தன, ஒரு கால் வயிற்று இறகுக்குள் போயிருந்தது. நிம்மதியாக இருக்கும் ஆந்தை அப்படித்தான் இருக்கும். எனக்கு அப்போது அது தெரியாது. "தூங்குமூஞ்சியாக இருக்கிறதே" என்று அலுத்துக்கொண்டேன்.

ரெண்டு எட்டு வைத்தேன். ஒரு கண் திறந்தது. இன்னும் ரெண்டு. உருண்டை மெதுவாக நீண்டது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, பாதி அகலமாகி, முறிந்த கிளைத் துண்டு போல விறைத்து நின்றது. தலையின் இறகுக் கொத்துகள் இரண்டும் நட்டுக்கொண்டன. ஆரஞ்சு நிறக் கண்கள் என்னையே பார்த்தன. அடடா, போஸ் கொடுக்கிறது என்று நினைத்து நாற்பது படம் எடுத்தேன். தன்னை மரக்கட்டை என்று என்னை நம்பவைக்க அது பட்ட பாடு அது. நான் நம்பவில்லை. இன்னும் ரெண்டு எட்டு வைத்தேன்.

இறகுச் சத்தமே இல்லாமல் பறந்துபோனது. கொஞ்ச நேரத்தில் காக்கைகள் சத்தம் போட்டன. மரத்துக்கு மரம் துரத்திக்கொண்டே போய்க் கண்ணுக்கு மறைந்தன. மறுநாள் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மரத்தடியில் புதிதாக எச்சம் ஒன்றும் விழுந்திருக்கவில்லை. அப்புறம் பனி பெய்து பழையதையும் மூடிவிட்டது.

பகல் அதற்குத் தூங்கும் நேரம். எலிகள் பனிக்கடியில் ஒளிந்திருக்கும் காலத்தில், பகலில் ஒருமுறை எழுப்பிவிட்டால் வீணாவது அதன் உடம்புச் சூடும் தெம்பும்தான். குளிர்காலத்தில் பட்டினியில் சாகும் ஆந்தைகளும் உண்டு.

முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது, நம்மைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக் கிட்டே போகிறவர்களும் உண்டு. அதன் கழுத்து 270 பாகை வரை திரும்பும். காதோ அதற்கு மேல்: பெரிய சாம்பல் ஆந்தை பனிக்கடியில் ஓடும் எலியைச் சத்தத்தை வைத்தே பிடித்துவிடும். உங்கள் நைலான் ஜாக்கெட்டின் சரசரப்பை நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது கேட்டிருக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். கேமராவைத் தூக்குமுன் ஒரு வேலிக்கம்பத்தையோ அடிமரத்தையோ எல்லையாகக் குறித்துக்கொள்வேன். அதில் சாய்ந்து, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு எடுப்பேன். கை நடுக்கமும் குறையும், காலும் கட்டுப்படும். ஆந்தை சின்னதாக இருந்தால் வீட்டில் வெட்டிக்கொள்ளலாம், அல்லது உறைபனி படிந்த பெரிய மரத்தில் சின்ன ஆந்தையாகவே இருக்கட்டும். உடம்பு ஒல்லியாகத் தொடங்கினால், தலை சட்டென்று என் பக்கம் திரும்பி அப்படியே நின்றால், பின்வாங்கிவிடுவேன்.

அந்த நாற்பது படங்களில் ஒன்றைத்தான் இன்றும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். "என்ன ஒரு பார்வை!" என்கிறார்கள். புதியவர்கள் தேடி அலைவதும் அந்தப் பார்வையைத்தான்.

போன வாரத்து இருவரும் பறவையைக் கிளப்பிவிட்டுத் திரும்பி வந்தார்கள். "சூப்பர் டேக் ஆஃப் ஷாட் கிடைச்சுது சார்" என்று திரையைக் காட்டினார் ஒருவர். நான் பார்த்தேன். ஃபோகஸ் முன்னாலிருந்த குச்சியில் இருந்தது.

எலியைக் காட்டி வரவழைப்பது

மனிதன் நின்றால் இரை கிடைக்கும் என்று பழகிய ஆந்தை சாலையோரத்துக்கு வரும். சாலையில் வண்டிகள் போகும்.

இடத்தைச் சொல்லிவிடுவது

படத்தில் ஜி.பி.எஸ். விவரம் இருந்தால் நீக்குங்கள். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டால், மரத்தில்.

காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு எடுப்பது

கார் நல்ல மறைவிடம். மனிதனைக் கண்டு மிரளுகிற அளவுக்கு நிறுத்திய வண்டியைக் கண்டு ஆந்தை மிரளாது. ஆனால் உள்ளேயிருக்கும் சூடான காற்று ஜன்னல் வழியாக வெளியேறிக் குளிர்காற்றோடு கலக்கும் இடத்தில்தான் உங்கள் லென்ஸ் இருக்கிறது. கானல் மாதிரி அலையும் அந்தக் காற்று வழியே எடுத்த எதுவும் துல்லியமாக வராது. ஒரு குளிர்காலம் முழுக்க லென்ஸைச் சந்தேகப்பட்டு, சர்வீஸுக்கும் கொடுத்தேன். ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஹீட்டரை அணைத்து, ஜன்னலை இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே குளிராகும் வரை காத்திருங்கள். விரல் விறைக்கும்.

வீட்டுக்குள் வந்ததும் பையைத் திறப்பது

குளிர்ந்த கேமராவில் வீட்டுக் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும், லென்ஸுக்கு உள்ளேயும் படியலாம். பையின் ஜிப்பை மூடியபடியே ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் ஜிப்பைத் திறந்துவிடுவீர்கள். நான் திறந்திருக்கிறேன்.